ஆங்கிலச் சொல்லைப் பிரிப்பதும் வகை கண்டுபிடிப்பதும்: படிப்படியான முழு வழிகாட்டி

பாளையங்கோட்டையில் வங்கித் தேர்வுக்கும் எஸ்எஸ்சி தேர்வுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோருமே 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' பாடத்தைப் பள்ளியிலேயே படித்தவர்கள். எட்டு வகையின் பெயரையும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு வாக்கியத்தை எழுதிப் போட்டு, அதில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடு இட்டு, இது எந்த வகை என்று கேட்டால்தான் தடுமாற்றம் தொடங்கும். சொல்லின் தமிழ்ப் பொருளை மனதுக்குள் தேடி, அந்தப் பொருளை வைத்து வகையை ஊகிப்பார்கள். பாதிக்குப் பாதி தப்பாகிவிடும்.

வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்வதால் வரும் தப்பு இது. முதலில் சொல் வாக்கியத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து அதன் வாலையும் தலையையும் பிரிக்க வேண்டும். பொருளும் சொற்குடும்பமும் அதற்குப் பிறகு. அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். படிகளை மாற்றிப் போடாமல் போய்ப் பாருங்கள்.

1. உட்காரும் முன் கையில் வேண்டியவை

ஒரு நீள நோட்டும் ஆங்கிலம்-ஆங்கிலம்-தமிழ் அகராதி ஒன்றும் போதும். அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் என், வி, ஏடிஜே, ஏடிவி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் அதைத் தாண்டி நேரே பொருளுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துப் பழகுங்கள். இந்த வேலையில் பாதி அதிலேயே இருக்கிறது. கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துப் பார்த்தால் பொருள்தான் முன்னால் வந்து நிற்கும், வகை கண்ணில் படாது. அகராதிச் செயலி என்றால் பரவாயில்லை.

ஒரு வாக்கியத்தில் எழுவாய் எது, வினை எது என்று காட்டத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் ஒரு வாரம் அதை மட்டும் பழகிவிட்டு வாருங்கள். அது இல்லாமல் மூன்றாம் படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

இன்னொன்று, தமிழ்ப் பாடத்தில் படித்த பகுபத உறுப்பிலக்கணத்தை ஒருமுறை புரட்டுங்கள். 'வந்தனன்' என்பதை வா, த், த், அன், அன் என்று பிரித்து, 'வா' என்பது 'வ' ஆனதும் சந்தி 'த்' என்பது 'ந்' ஆனதும் விகாரம் என்று எழுதியிருப்பீர்கள். அந்தக் கண்தான் இங்கேயும் வேண்டும். புதிதாக ஒரு வித்தை கற்கப் போவதில்லை.

நவுன் என்பதைப் பெயர்ச்சொல் என்றும், வெர்பை வினைச்சொல் என்றும், அட்ஜெக்டிவைப் பெயரடை என்றும், அட்வெர்பை வினையடை என்றும் இனிச் சொல்கிறேன். ப்ரிஃபிக்ஸ் முன்னொட்டு, சஃபிக்ஸ் பின்னொட்டு. முன்னொட்டைத் தலை என்றும் பின்னொட்டை வால் என்றும் சொல்வேன்.

2. வாயில் இருக்கும் சொல்லிலிருந்து 'பண்ணு', 'ஆ' இரண்டையும் உரித்தெடுங்கள்

நாம் தினமும் பேசுகிற தமிழில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. அதனால் ஆங்கிலம் சுலபமாக வரும் என்று நினைப்போம். ஆனால் தப்பின் ஊற்றுக்கண்ணே அங்கேதான் இருக்கிறது.

'அல்வா டேஸ்ட்டா இருக்கு', 'பஸ் ஸ்பீடா போகுது', 'பையன் ஹேப்பியா இருக்கான்', 'ஸ்லோவா நட'. நான்கிலும் ஆங்கிலச் சொல்லோடு 'ஆ' ஒட்டியிருக்கிறது. நம் காதுக்கு நான்கும் ஒரே மாதிரிதான். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. டேஸ்ட், ஸ்பீடு இரண்டும் பெயர்ச்சொல். ஹேப்பி, ஸ்லோ இரண்டும் பெயரடை. தமிழின் 'ஆ' எதன்மேலும் ஏறிக்கொள்ளும், அடியில் இருக்கும் சொல்லின் வகையைப் பார்க்காது. அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது 'தி அல்வா இஸ் டேஸ்ட்' என்று வந்து விழுகிறது. 'டேஸ்ட்டி' வேண்டும்.

'பண்ணு' என்பதும் அப்படித்தான். டிசைட் பண்ணு, செலக்‌ஷன் பண்ணு, ரெடி பண்ணு, க்ளீன் பண்ணு. டிசைட் வினை. செலக்‌ஷன் பெயர். ரெடி பெயரடை. க்ளீன் பெயரடையாகவும் வரும், வினையாகவும் வரும். 'பண்ணு' சேர்ந்ததும் எல்லாமே தமிழுக்கு வினையாகிவிட்டது. செலக்‌ஷன் பண்ணினார்கள் என்று சொல்லிப் பழகிய பிள்ளை, 'தே செலக்‌ஷன் மீ' என்று எழுதுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது, அவன் வாயில் அந்தச் சொல் வினையாகத்தான் இருந்தது.

'ஆகு' மூன்றாவது. 'டென்ஷன் ஆயிட்டேன்' என்பது 'ஐ ஆம் டென்ஷன்' ஆகிறது, 'டென்ஸ்' என்று வர வேண்டும். 'ஃபங்ஷன் சக்ஸஸ் ஆயிருச்சு' என்றால் 'சக்ஸஸ்ஃபுல்' என்று எழுதலாம், அல்லது 'எ சக்ஸஸ்' என்று முன்னால் 'எ' போடலாம். 'சேஃப்டியா போயிட்டு வா' என்பதில் ஆங்கிலத்துக்கு வேண்டியது 'சேஃப்லி'.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு நாள் முழுக்க நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் பேசும் ஆங்கிலச் சொற்களை எழுதுங்கள். நாற்பது சொல் தேறும். ஒவ்வொன்றிலும் 'பண்ணு', 'ஆ', 'ஆன', 'ஆகு' எதுவோ அதை அடித்துவிட்டு, மிச்சத்துக்கு அகராதி என்ன வகை சொல்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், தெரியாத சொல்லைவிடத் தெரிந்த சொல்தான் தேர்வில் நம்மைக் கவிழ்க்கிறது.

3. சொல்லை வாக்கியத்தில் உட்காரவைத்துச் சோதியுங்கள்

'சார், ஃபாஸ்ட் என்கிறது அட்ஜெக்டிவா அட்வெர்பா?' என்று ஒரு பிள்ளை கேட்டால், 'எந்த ஃபாஸ்ட்?' என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். தனியாக நிற்கும் ஆங்கிலச் சொல்லுக்கு உறுதியான வகை கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். இடம்தான் வகையைத் தருகிறது.

'எ ஃபாஸ்ட் பஸ்' என்றால் பெயரடை, பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறது. 'தி பஸ் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்றால் வினையடை, ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறது. 'ஷி ஃபாஸ்ட்ஸ் ஆன் சஷ்டி' என்றால் வினை, அவள் சஷ்டிக்கு விரதம் இருக்கிறாள். 'ஷி ப்ரோக் ஹர் ஃபாஸ்ட்' என்றால் பெயர், அவள் விரதத்தை முடித்தாள். காலைச் சாப்பாட்டுக்கு 'பிரேக்ஃபாஸ்ட்' என்ற பெயர் வந்தது இந்தக் கடைசி ஃபாஸ்ட்டிலிருந்துதான்.

சோதிக்க நான்கு வெற்றிட வாக்கியங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

'தி ___ இஸ் ஹியர்' அல்லது 'மை ___' என்பதில் பொருந்தினால் பெயர்ச்சொல்.

'தே ___ எவ்ரி டே' என்பதில் பொருந்தி, 'எஸ்டர்டே' போட்டதும் உருவம் மாறினால் வினைச்சொல். கட், புட் போன்ற சில வினைகள் மாறாது. அவற்றுக்கு 'இங்' சேர்த்துப் பாருங்கள்.

'எ வெரி ___ திங்' என்பதில் பொருந்தினால் பெயரடை.

'ஹி டிட் இட் ___' என்பதில் கடைசியில் பொருந்தினால் வினையடை.

ஒரு சோதனையில் தோற்றால் உடனே தள்ளிவிடாதீர்கள். கூடங்குளத்தைப் பற்றிய செய்தியில் 'நியூக்ளியர் பவர்' என்று வரும். 'வெரி நியூக்ளியர்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் நியூக்ளியர் பெயரடைதான். கொஞ்சம், அதிகம் என்று அளக்க முடியாத பெயரடைகள் 'வெரி'யை ஏற்காது. லக்கேஜ், இன்ஃபர்மேஷன், ஃபர்னிச்சர் எல்லாம் பெயர்ச்சொல்லாக இருந்தும் பன்மை 'எஸ்' ஏற்காது. 'லக்கேஜஸ்' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

எதிர்ப்பக்க ஏமாற்றும் உண்டு. 'ஹல்வா ஷாப்' என்பதில் பெயருக்கு முன்னால் வருவதால் ஹல்வா பெயரடை என்று எழுதுவார்கள். 'வெரி ஹல்வா' என்று சொல்ல முடியுமா? 'தி ஷாப் இஸ் ஹல்வா' என்று சொல்ல முடியுமா? முடியாது. அது பெயர்ச்சொல்தான், இன்னொரு பெயரோடு கூட்டு சேர்ந்திருக்கிறது. இதை எட்டாம் படியில் பார்ப்போம்.

4. சின்னச் சொற்களை மனப்பாடமே செய்துவிடுங்கள்

ஹி, ஷி, இட், தே. இன், ஆன், அட், ஃப்ரம். அண்ட், பட், ஆர், பிகாஸ். எ, ஆன், தி, திஸ், தட். இந்த வகைகள் மூடிய வகைகள், புதிய சொல் அநேகமாகச் சேர்வதில்லை. ஆகவே இங்கே பிரிப்பு வேலை வேண்டாம். ஒரு பக்கத்தில் எழுதி வைத்து நெட்டுரு போட்டால் போதும்.

இவை வழிகாட்டிப் பலகை மாதிரி வேலை செய்வதால்தான் முன்கூட்டியே கேட்கிறேன். 'எ', 'தி', 'மை' வந்தால் பின்னால் எங்கோ ஒரு பெயர்ச்சொல் வந்தே தீரும். 'டு'வுக்குப் பின்னால் வினை வரலாம், பெயரும் வரலாம். தமிழில் 'எ', 'தி'க்கு நேர் இணை இல்லாததால் நம் கண் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. விரலை வைத்துத் தொட்டுத் தொட்டுப் படியுங்கள்.

5. வாலிலிருந்து பிரிக்கத் தொடங்குங்கள்

நீண்ட சொல்லைப் பார்த்ததும் பிள்ளைகள் முன்னால் இருந்து பிரிக்கிறார்கள். பின்னால் இருந்து பிரிக்க வேண்டும், ஏனென்றால் வகையைச் சொல்வது வால்தான்.

முதலில் கடைசியில் இலக்கண வால் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் மொத்தமே எட்டுதான். பெயருக்குப் பன்மை, உடைமை என்று இரண்டு. வினைக்கு 'ஹி'யோடு வரும் 'எஸ்', இறந்தகாலம், 'ஹேவ்' உடன் வரும் உருவம், 'இங்' என்று நான்கு. பெயரடைக்கு 'அர்', 'எஸ்ட்' என்று இரண்டு. இவை ஒட்டினாலும் புதுச் சொல் பிறக்காது, மரம் என்பது மரங்கள் ஆவது போலத்தான். சொல்லின் கடைசி விளிம்பில் நிற்கும். இவற்றைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுத்த வாலைத் தேட வேண்டும்.

ஒரே உருவம் இரண்டு வேலை செய்யும் இடத்தில் கவனம். 'டீச்சர்' என்பதில் உள்ள 'அர்' செய்கிறவரைக் காட்டி, வினையைப் பெயராக்குகிறது. 'டாலர்' என்று உயரத்தைச் சொல்லும்போது வரும் 'அர்' ஒப்பீடு மட்டுமே. 'இங்' இன்னும் கஷ்டம். முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் ஒரு தங்கச்சிக்கு இது பிடிபடவே இல்லை. வீட்டில் பீடி சுற்றுகிற பிள்ளை அவள். அதையே வாக்கியமாக்கினோம். 'ஷி இஸ் ரோலிங் பீடிஸ்' என்றால் சுற்றிக்கொண்டிருக்கிறாள், வினை. 'ரோலிங் பீடிஸ் இஸ் ஹார்ட் ஒர்க்' என்றால் சுற்றுதல், தொழிற்பெயர். 'தி கேர்ல் ரோலிங் பீடிஸ் இஸ் மை சிஸ்டர்' என்றால் சுற்றுகிற, பெயரெச்சம். சுற்றுகிறாள், சுற்றுதல், சுற்றுகிற என்று தமிழ் மூன்று வால் வைத்திருக்கும் இடத்தில் ஆங்கிலம் ஒன்றையே வைத்து ஓட்டுகிறது. 'இங்' பார்த்ததும் இந்த மூன்று தமிழ்ச் சொல்லில் எது பொருந்துகிறது என்று வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு அவள் 'இங்'கில் தப்பு விடவில்லை.

இலக்கண வால் போன பின் ஆக்க வால். இவை புதுச் சொல்லைப் பிறப்பிக்கும்.

பெயராக்குபவை: நெஸ், மென்ட், ஷன், இட்டி, ஷிப், ஹுட். கைண்ட்நெஸ், பேமென்ட், எஜுகேஷன், எபிலிட்டி, ஃப்ரெண்ட்ஷிப், சைல்ட்ஹுட்.

பெயரடையாக்குபவை: ஃபுல், லெஸ், ஏபிள், அஸ், ஐவ், ஒய். யூஸ்ஃபுல், யூஸ்லெஸ், வாஷபிள், டேஞ்சரஸ், ஆக்டிவ், ரெய்னி.

வினையாக்குபவை குறைவு: ஐஸ், இஃபை, என். மாடர்னைஸ், சிம்ப்ளிஃபை, ஒய்டன்.

வினையடையாக்குவதில் பெரிய கை 'லி'. க்விக்லி, ஸ்லோலி, சேஃப்லி.

'லி'யைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'லி' என்றால் வினையடை என்று நெட்டுரு போட்டவர்கள் ஃப்ரெண்ட்லி, லவ்லி, லோன்லி மூன்றிலும் விழுவார்கள். மூன்றும் பெயரடை. 'லி' பெயரடையோடு ஒட்டினால்தான் பெரும்பாலும் வினையடை பிறக்கும். ஃப்ரெண்ட் பெயர்ச்சொல், அதோடு ஒட்டினால் பிறப்பது பெயரடை. வாலை மட்டும் பார்க்காமல், அது எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 'ஹார்ட்' கடினமாக என்ற பொருளில் அப்படியே வினையடையாக வரும். அதோடு 'லி' சேர்த்தால் 'ஹார்ட்லி', அநேகமாக இல்லை என்று பொருளே புரண்டுவிடும். 'ஹி ஒர்க்ஸ் ஹார்ட்லி' என்று தன் அப்பாவைப் பற்றி எழுதிய பையன், அப்பா வேலையே செய்வதில்லை என்று எழுதிவிட்டான். அதைப் படித்துச் சொன்னபோது அவன் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது.

தமிழின் 'ஆன', 'ஆக' இரண்டும் இங்கே நல்ல துணை. அழகு, அழகான, அழகாக என்பதற்கு ப்யூட்டி, ப்யூட்டிஃபுல், ப்யூட்டிஃபுல்லி. ஆனால் ஓரிடத்தில் இந்தத் துணை நம்மைக் கைவிடும். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்பதில் 'ஆக' இருக்கிறது. 'ஷி இஸ் ப்யூட்டிஃபுல்லி' என்று எழுதக் கூடாது. இஸ், லுக்ஸ், ஸீம்ஸ், ஃபீல்ஸ், டேஸ்ட்ஸ் போன்றவற்றுக்குப் பின்னால் எழுவாயின் தன்மையைச் சொல்லும்போது ஆங்கிலம் பெயரடையைத்தான் கேட்கும். விவரிக்கப்படுவது அவள், 'இருத்தல்' என்ற செயலைப் பற்றி நாம் எதுவும் சொல்லவில்லை. 'இருக்கிறது' என்று முடியும் தமிழ் வாக்கியத்தை மொழிமாற்றும்போது 'ஆக'வை 'ஆன' ஆக்கிக்கொண்டு எழுதுங்கள். தப்பு வராது.

6. அடுத்து தலையைக் கழற்றுங்கள்

தமிழ் பின்னால் ஒட்டும் மொழி. செய்யாத, இல்லாத என்று மறுப்பைக்கூட நாம் பின்னால்தான் வைக்கிறோம். முன்னால் ஒட்டுவது வடசொற்கள் வழியாக வந்த பழக்கம்: நியாயம் அநியாயம் ஆகிறது, மரியாதை அவமரியாதை ஆகிறது. ஆங்கில முன்னொட்டுக்கு இந்த 'அ', 'அவ' இரண்டையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்னொட்டு பெரும்பாலும் வகையை மாற்றாது, பொருளை மட்டும் மாற்றும். ஹேப்பி, அன்ஹேப்பி இரண்டும் பெயரடை. ரைட், ரீரைட் இரண்டும் வினை. அதனால்தான் இந்தப் படியைப் பின்னொட்டுக்குப் பிறகு வைத்தேன். இதை விதிவிலக்காக மீறுவது 'என்': லார்ஜ் பெயரடை, என்லார்ஜ் வினை, ரிச் பெயரடை, என்ரிச் வினை.

'இன்' என்ற மறுப்பு ஒட்டு அடுத்த எழுத்தைப் பார்த்து உரு மாறும். பி, எம் முன்னால் 'இம்': இம்பாசிபிள், இம்மெச்சூர். எல் முன்னால் 'இல்': இல்லீகல். ஆர் முன்னால் 'இர்': இர்ரெகுலர். புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாக்குக்கு எது எளிதோ அதுவே நடக்கிறது.

'அன்' இரண்டு வேலை செய்யும். பெயரடையோடு வந்தால் மறுப்பு. வினையோடு வந்தால் செய்ததைத் திருப்புவது: லாக் என்றால் பூட்டு, அன்லாக் என்றால் பூட்டைத் திற.

நாற்கரச் சாலையில் போகும் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 'இன்' மறுப்பு என்று எண்ணி, 'தீப்பிடிக்காதது' என்று பொருள் சொல்வார்கள். நேர் எதிர்: சீக்கிரம் தீப்பிடிப்பது. அங்கே உள்ள 'இன்' மறுப்பே இல்லை. 'இன்ஃப்ளேம்' என்ற வினையோடு 'ஏபிள்' ஒட்டிய சொல் அது. 'இன்வேல்யுவபிள்' என்பதில் 'இன்' மறுப்புதான், ஆனால் மதிப்பே இல்லாதது என்று பொருள் அல்ல; மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது என்று பொருள்.

தலையைக் கழற்றியதும் மிச்சம் இருப்பது தொடர்புள்ள ஒரு சொல்லா என்று பாருங்கள். 'அங்கிள்' என்பதில் 'அன்' இல்லை, 'ரெடி'யில் 'ரீ' இல்லை. சிலவற்றில் மிச்சம் தனியாக நிற்காது, ஆனால் பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும். ரிசீவ், டிசீவ், பெர்சீவ் மூன்றிலும் 'சீவ்' இருக்கிறது. இவற்றின் பெயர்ச்சொல்லும் ஒரே வழியில் போகும்: ரிசெப்ஷன், டிசெப்ஷன், பெர்செப்ஷன். ஒன்றைப் படித்தால் மூன்று கிடைக்கிறது.

நாம் தினமும் பஸ் ஏறி இறங்கும் ஜங்ஷனும் அப்படித்தான். ஜங்ஷன் என்றால் சேருமிடம். முன்னால் 'கன்' சேர்ந்தால் கன்ஜங்ஷன், சொற்களைச் சேர்க்கும் இணைப்புச்சொல். ஜாயின் என்பதும் அதே வேரிலிருந்து வந்த உறவுக்காரச் சொல்.

7. ஒட்டுகிற இடத்தில் எழுத்து மாறுவதைக் கவனியுங்கள்

பனையும் காயும் சேர்ந்தால் பனங்காய். அதுபோலத்தான். ஹேப்பியோடு நெஸ் சேரும்போது கடைசி 'ஒய்' எழுத்து 'ஐ' ஆகும். உயிரெழுத்தில் தொடங்கும் வால் வந்தால் ஒலிக்காத கடைசி 'ஈ' பெரும்பாலும் விழும்: ஹோப், ஹோப்பிங். ஸ்டாப்புக்கு இறந்தகாலம் எழுதும்போது 'பி' இரட்டிக்கும், விசிட்டுக்கு 'டி' இரட்டிக்காது. விசிட்டில் அழுத்தம் முதல் அசையில் விழுவதுதான் காரணம்.

எழுத்துப் பிழை அதிகம் வருவது இரண்டு சொற்களில். ப்ரொனவுன்ஸ் என்ற வினையில் 'ஓ', 'யு' இரண்டும் உண்டு, ப்ரொனன்சியேஷன் என்ற பெயரில் அந்த 'ஓ' விழுந்துவிடும். மெய்ன்டெய்ன், மெய்ன்டனன்ஸ் ஆகும்போது நடுவில் உள்ள 'ஏ', 'ஐ' இரண்டும் போய் ஒற்றை 'ஈ' வரும். இவற்றைப் பத்துத் தடவை எழுதிப் பழகுவதைத் தவிர வேறு வழி இல்லை.

8. கூட்டுச்சொல்லில் கடைசிச் சொல்லைப் பிடியுங்கள்

பனைமரம் என்றால் மரம், பனையோலை என்றால் ஓலை, பனங்கருப்பட்டி என்றால் கருப்பட்டி. கடைசியில் நிற்பதுதான் பொருள், முன்னால் நிற்பது அதன் அடை. ஆங்கிலமும் இங்கே நம் வழிதான்: பாம் ட்ரீ, பாம் லீஃப், பாம் ஜாகரி. ராதாபுரம் பக்கம் சுற்றும் விண்ட்மில் ஒரு மில். ஹவுஸ்போட் என்றால் படகு, போட்ஹவுஸ் என்றால் படகு நிறுத்தும் கொட்டகை.

பன்மையும் கடைசிச் சொல்லில்தான் ஏறும். ஷூ ஷாப்ஸ் என்று வரும், ஷூஸ் ஷாப் என்று வராது. மதர்-இன்-லா மாதிரிச் சொற்களில் தலையான சொல் முன்னால் இருப்பதால் பன்மை அங்கேயே ஏறி, மதர்ஸ்-இன்-லா ஆகும்.

டூவீலர், டபுள்டெக்கர் இரண்டையும் பிரிக்கும்போது தப்பு நடக்கும். 'டூ'வும் 'வீலர்'உம் என்று வெட்டுவார்கள். வீலர் என்று ஒரு பொருள் தனியாக அங்கே இல்லை. 'டூ வீல்' என்பது முதலில் சேர்ந்து, அந்த முழுவதோடும் 'அர்' ஒட்டியது: இரண்டு சக்கரம் உடையது.

குற்றாலத்தில் நாம் மெயின் ஃபால்ஸ் என்கிறோமே, அதை வைத்து ஒரு பயிற்சி. 'தி வாட்டர் ஃபால்ஸ்' என்று இடம் விட்டு எழுதினால், தண்ணீர் விழுகிறது என்று ஒரு முழு வாக்கியம். 'ஃபால்ஸ்' அங்கே வினை. 'தி வாட்டர்ஃபால்ஸ்' என்று சேர்த்து எழுதினால் அருவிகள் என்று ஒரு பெயர் மட்டும், வாக்கியம் முடியவில்லை. 'எஸ்' ஒன்றுதான். முதலாவதில் அது வினையின் வால், இரண்டாவதில் பன்மை.

9. ஒட்டே இல்லாமல் வகை மாறும் சொற்கள்

வாட்டர் பெயர், 'வாட்டர் தி ப்ளான்ட்ஸ்' என்றால் வினை. புக் பெயர்; 'புக் எ டிக்கெட்' என்றால் வினை. தமிழில் பூ, காய், இடி, அடி எல்லாம் இரண்டு வேலையும் செய்கின்றனவே, அதேதான். சுடு என்பது சூடு ஆவதுபோல உள்ளே உயிர் மாறி வருபவையும் உண்டு: சிங், சாங், ஃபீட், ஃபுட்.

சிலவற்றில் அழுத்தம் மாறும். ரெக்கார்ட் என்று முதல் அசையை அழுத்தினால் பெயர், ரிகார்ட் என்று இரண்டாவதை அழுத்தினால் வினை. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது. ரிப்போர்ட் மாறவே மாறாது.

இன்னொரு வித்தியாசம் தமிழ்க் காதுக்கு எட்டுவதில்லை. அட்வைஸ், யூஸ் இரண்டும் பெயராக வரும்போது கடைசியில் 'எஸ்' ஒலி, வினையாக வரும்போது 'இசட்' ஒலி. நம் எழுத்தில் அந்த ஒலிக்கு இடமில்லை, அதனால் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். அட்வைஸில் எழுத்தும் மாறும்: பெயரில் 'சி', வினையில் 'எஸ்'. தேர்வில் இது அடிக்கடி வரும்.

10. குடும்பமாக எழுதி, ஒட்டிய வரிசையைச் சரிபாருங்கள்

இப்போது நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பெயர், வினை, பெயரடை, வினையடை. டிசிஷன், டிசைட், டிசிசிவ், டிசிசிவ்லி. நான்கும் நிரம்பியது. எல்லாக் குடும்பமும் நிரம்பாது. நிரம்பாத கட்டத்தில் விதியை வைத்து நீங்களே சொல் உண்டாக்கக் கூடாது. சமைப்பவர் குக், குக்கர் என்பது அடுப்பில் வைக்கும் பாத்திரம். திருடுவது ஸ்டீல், திருடன் தீஃப். போஸ்ட்போனைப் பார்த்து இந்திய ஆங்கிலத்தில் ப்ரீபோன் உண்டாகி, வழக்கிலும் நிலைத்துவிட்டது. ஆனாலும் தேர்வுத் தாளில் அட்வான்ஸ் என்றே எழுதச் சொல்கிறேன். கட்டத்தை நிரப்பும் முன் அகராதி. இல்லை என்றால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

அப்புறம் நீண்ட சொல் ஒன்றை எடுத்து, எது முதலில் ஒட்டியது என்று வரிசை எழுதுங்கள். 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்று வைத்துக்கொள்வோம்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் கமாவோடு வருகிறது, முழு வாக்கியத்துக்கும் அடையாக நிற்கிறது, எனவே வினையடை. இலக்கண வால் எதுவும் இல்லை. 'லி'யைக் கழற்றினால் அன்ஃபார்ச்சுனேட், பெயரடை. இங்கே பலர் 'ஏட்' என்பதைக் கழற்றி 'அன்ஃபார்ச்சூன்' என்று எழுதுவார்கள். அப்படி ஒரு சொல் வழக்கில் இல்லை. மறுப்பு 'அன்' ஒட்டுவது பெயரடையோடுதான் பெரும்பாலும், ஃபார்ச்சூன் பெயர்ச்சொல். ஆகவே ஃபார்ச்சூன் முதலில் ஃபார்ச்சுனேட் ஆகி, பிறகு 'அன்' சேர்ந்து, கடைசியில் 'லி' வந்தது. ஃபார்ச்சூனுக்கு மறுப்பு வேண்டுமென்றால் 'மிஸ்ஃபார்ச்சூன்' என்று வேறு ஒட்டு வரும். ஒவ்வொரு கட்டத்திலும் கையில் இருப்பது உண்மையான சொல்தானா என்று பார்த்தால் வரிசை தானாகச் சரியாகிவிடும்.

ஒரு நாளைக்கு ஐந்து குடும்பம் போதும். அதற்குமேல் எழுதினால் நோட்டு நிறையும், மனதில் நிற்காது. வாரக் கடைசியில் வீட்டில் யாரிடமாவது நோட்டைக் கொடுத்து, ஒரு சொல்லை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குடும்பத்தின் மற்ற சொற்களை ஆளுக்கொரு வாக்கியத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் சொன்னால் கணக்கில் சேர்க்காதீர்கள். கோடு போட்ட கட்டம் வந்தால், 'அப்படி ஒரு சொல் கிடையாது' என்று தயங்காமல் சொல்ல வேண்டும். அதையும் சரியான விடையாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.